உக்காந்த எடத்துல மண்ணள்ளப் போறியா, பேராண்டி?

வா பேராண்டி, உக்காரு. ஏசி ரூம்ல சுத்துற நாற்காலியில உக்காரப் போற ஆளு, இந்தக் கோப்பிக்கடை பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்தா ஒண்ணும் ஆயிடாதே? ஆங் மோ கியோவுல ஞாயித்துக்கெழமை காலையில இது கெடைக்கிறதே பெரிசு. உனக்கு ஒரு தே தாரிக் சொல்லிக்க. எனக்குக் கோப்பி ஓ கொசோங். சர்க்கரையை விட்டுட்டு பேச்சுல மட்டும் இனிப்பா இருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் உன்னக் கூப்பிட்டேன்.

அக்கா போன் போட்டுச்சு. உங்க அம்மாச்சிக்கு எதையும் முழுசாச் சொல்ல வராது. "தம்பி, பயலுக்கு ரிமோட் வேலை கெடைக்கப் போவுதாம். இவன் ரூம்ல உக்காந்து அமுக்குவானாம், அங்க மண்ணு தானா அள்ளுமாம்"னுச்சு. யாருடா அள்றதுன்னு கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, பயலுக்கு இனிமே வெயிலு இல்ல"ன்னு வச்சிருச்சு. நம்ம ஊரு ஒரத்தநாட்டுல முக்காவாசிப் பேருக்கு இந்நேரம் சேதி போயிருக்கும்.

நல்ல வேலைடா. அதை மொதல்லயே சொல்லிடுறேன், பொறவு நான் பேசுறதுல அது மறந்துபோயிரும். வெயிலு இல்ல, தூசி இல்ல, மழைக்கு ஒதுங்க வேணாம். உனக்கு இப்ப கழுத்துக்கு மேல ஒரு கலரு, சட்டைக்குள்ள ஒரு கலரு. ஒரு வருசத்துல ரெண்டும் ஒண்ணாயிரும். டவர் கிரேன்ல ஏறுறவன் கதை உனக்கே தெரியும். ஏறினா எறங்குற வரைக்கும் ஒரு பாட்டில்ல தண்ணி, ஒரு காலிப் பாட்டிலு, ரெண்டையும் மாத்தி எடுத்துறக் கூடாது. இனிமே அவனும் கௌரவமா கக்கூசுக்குப் போயிட்டு வரலாம். விடியக்காலம் டார்மிட்டரி வாசல்ல லாரித் தொட்டியில ஏறிக் குந்துற வேலை மட்டும் மிச்சம் இருக்கும்னு நெனைக்கிறேன். ஏசி ரூமுக்கும் உன்ன லாரியிலதான் கொண்டுபோய் எறக்குவானுங்க. எறங்கும்போது தலையச் சீவிக்க.

அப்பறம் கல்யாணம். உங்கம்மா இத்தன நாளா புரோக்கர்கிட்ட "பையன் சிங்கப்பூர்ல இருக்கான்"னு மட்டும் சொல்லிட்டு மேல கேக்குறதுக்குள்ள காப்பி கொண்டாரப் போயிரும். எஸ்கவேட்டர் ஓட்டுறான்னு சொன்னா பொண்ணு வீட்டுல "நம்ம ஊரு ஹிட்டாச்சி தானே"ன்னு எந்திரிச்சுருவான். இனிமே தைரியமாச் சொல்லலாம். நாலு ஸ்கிரீனு, காதுல ஹெட்போனு, கையில ஜாய்ஸ்டிக்கு. போட்டோ எடுத்து அனுப்பு. ஐடின்னே அவனுங்க முடிவு பண்ணிக்குவானுங்க. என்ன ப்ராஜெக்ட்டுன்னு கேட்டா குழின்னு சொல்லு. பொய் சொன்ன பாவமும் இல்ல.

சிரிக்காத. இந்தத் தூர இருந்து தூக்குற வேலைய இந்த ஊரு நேத்திக்குக் கத்துக்கல.

எங்கப்பா என்னை நாகப்பட்டணத்துல ரஜூலாக் கப்பல்ல ஏத்திக் கூட்டியாந்தப்ப, இங்க துறைமுகம்னா முதுகுதான். அரிசி மூட்டை, ரப்பர் சிப்பம், எல்லாம் முதுகுலயும் கொக்கியிலயும் ஏறி எறங்கும். 1964-ல துறைமுக வாரியத்தைக் கலைச்சு பிஎஸ்ஏங்குற துறைமுக ஆணையம் ஆக்கினாங்க. அப்பவும் முதுகு அதே முதுகுதான். 1972 ஜூன் 23-ந் தேதி தஞ்சோங் பகார்ல நிஹோன்னு ஒரு கப்பல் வந்து கட்டுச்சு, 300 பெட்டியோட. இந்த ஊருக்கு வந்த மொத கண்டெய்னர் கப்பல். அப்பறம் நாங்கள்லாம் லேஷிங் ஆளுங்களாயிட்டோம். கப்பல் மேல ஏறிக் கம்பி போட்டுப் பெட்டியக் கட்டுறது, வந்த பெட்டிய அவுக்குறது. அண்ணாந்து பாத்தா கிரேன்காரன் தெரிவான். பத்து மாடிக்கு மேல ஒரு கூண்டு, அதுக்குக் கண்ணாடித் தரை, அந்தத் தரை வழியாக் கீழயே பாத்துக்கிட்டு குனிஞ்சு உக்காந்திருப்பான். எங்களோட இருந்த ஒரு சீனத்து ஆளு ரிட்டயர் ஆன பொறவும் குனிஞ்சுதான் நடந்தான். என்னவோ காசு தொலைச்சவனாக்கும்னு பசங்க கேலி பண்ணுவானுங்க. கழுத்தெலும்புதான் தொலைஞ்சுபோச்சு.

அந்தக் கழுத்துக்கு ஒரு வழி பண்ணினது பாசிர் பாஞ்சாங் முனையம். 2000-ல தெறந்தாங்க. அங்க பெட்டி அடுக்குற யார்டுல பிரிட்ஜ் கிரேனு நிக்குது, கூண்டுல ஆள் இல்ல. கட்டுப்பாட்டு அறையில ஒருத்தன் உக்காந்திருக்கான். கிரேன் தானாப் போகும், தானா நிக்கும், தானா எடுக்கும். லாரி மேல பெட்டிய எறக்குற கடைசிச் சாண் இருக்குல்ல, கீழ டிரைவர் உசுரு இருக்குற எடம், அதுக்கு மட்டும் மனுசன் கை. ஒருத்தன் ஆறு கிரேன் வரைக்கும் பாத்துக்கலாம்னாங்க.

கேட்ட ஒடனே எல்லாரும் ஆகா ஊகான்னானுங்க. நான் பள்ளிக்கூடம் அதிகம் போவாதவன், எனக்கு வந்தது ஒரே கணக்கு. ஆறு கிரேனுக்கு ஆறு பேரு இருந்த எடத்துல ஒருத்தன் உக்காந்தா, மீதி அஞ்சு நாற்காலி எங்க? இந்தக் கணக்க அப்பவும் யாரும் எனக்குப் போட்டுக் காட்டல. ஏசி எத்தன டிகிரின்னு மட்டும் சொன்னானுங்க.

இப்ப துவாஸ் துறைமுகம். 2022 செப்டம்பர் 1-ந் தேதி அப்ப பிரதமரா இருந்த லீ சியன் லூங் தெறந்து வச்சாரு. 2040-கள்ல முழுசாக் கட்டி முடிச்சா, இருபதடிப் பெட்டிக் கணக்குல வருசத்துக்கு ஆறரைக் கோடி பெட்டியக் கையாளும். அதுக்குள்ள தஞ்சோங் பகாரெல்லாம் காலி. துவாஸ்ல பெட்டி இழுக்குற வண்டிக்கு டிரைவர் கெடையாது. பேட்டரில ஓடுது, சார்ஜ் எறங்கினா அதுவே போயி நின்னுக்குது. சம்பளம் ஏத்திக் கேக்காது, தீவாளிக்கு லீவு கேக்காது. உன்னாட்டம் ஒரத்தநாட்டுக்கு டிக்கட்டு விலை பாத்துக்கிட்டுப் படுத்துக் கெடக்காது.

பயப்படாத. துறைமுகத்துல நடந்ததெல்லாம் உன் தொழில்லயும் அப்படியே நடந்துராது. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, அதக் கம்பெனிக்காரன் சொல்ல மாட்டான். நான் சொல்றேன், கோப்பிக்கு நீ காசு குடு.

பெட்டி இருக்கே, அது உலகம் பூரா ஒரே அளவு. இருபதடி, நாப்பதடி, நாலு மூலையிலயும் ஒரே ஓட்டை. ரோட்டர்டாம்ல பூட்டினத இங்க அவுக்கலாம். தரை சிமெண்டுத் தரை, போற வழி நேர்கோடு. மெஷினுக்கு அதுக்கு மேல என்ன வேணும்? அதனாலதான் மொத மொத ஆள எறக்கி விட்டது அந்தக் கூண்டுலேர்ந்து. மண்ணு அப்படியா? நீ அள்ளுன ரெண்டு வாளி மண்ணு ஒண்ணுபோல இருந்துருக்கா? மேல செம்மண்ணா இருக்கும், ஒரு முழம் போனா களி, அதுக்குக் கீழ எவனோ கட்டுமானத்துல மிச்சத்தப் பொதைச்சுட்டுப் போன கான்கிரீட்டு. மழ பேஞ்ச மறுநாள் அதே மண்ணு வேற மண்ணு.

இந்த ஆங் மோ கியோவையே எடுத்துக்க. 1970-கள்ல வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டுன ஊரு. நாட்டுலயே மொத எம்ஆர்டி 1987 நவம்பர் 7-ந் தேதி ஓடுச்சே, இயோ சூ காங்லேர்ந்து தோ பாயோ வரைக்கும் அஞ்சே ஸ்டேசன், அதுல நம்மூரும் ஒண்ணு. அது தலைக்கு மேல தூண்ல ஓடுது. இப்ப வர்றதெல்லாம் காலுக்குக் கீழ. அவென்யூ ஆறு வழியா வடக்கு-தெற்கு சுரங்கச் சாலை போவுது. மொத்தம் 21.5 கிலோமீட்டர், பாதிக்கு மேல பூமிக்குள்ள. குறுக்குத் தீவு ரயிலுக்கு 2023 சனவரியில அடிக்கல் நாட்டினாங்க, 2030-ல ஓட விடணும்னு திட்டம். அதுக்கும் ஆங் மோ கியோவுல ஒரு சந்திப்பு நெலயம். தோண்டி முடிஞ்ச எடத்துக்குப் பக்கத்துலயே மறுபடியும் தோண்டுற ஊரு. கீழ கரண்டுக் கேபிளு, தண்ணிக் குழாயி, கேஸு, டெலிபோனு, சாக்கடை, அதுக்கும் கீழ ரயிலு. படத்துல எல்லாம் கோடு போட்டு இருக்கும். படத்துல இருக்குறது எல்லாம் அதே எடத்துல இருக்கும்னு நம்புனவன் எவனாச்சும் எஸ்கவேட்டர்ல உக்காந்துருக்கானா? அதுக்குத்தானே கேபிள் டிடெக்டர்காரன் வந்து பாத்துட்டு, ட்ரயல் ஹோல்னு சொல்லி மொதல்ல மம்பட்டியால கையாலயே தோண்டிப் பாக்கச் சொல்றானுங்க. ஹை வோல்டேஜ் கேபிள அறுத்துப்புட்டா சட்டப்படி பத்து லட்சம் வெள்ளி வரைக்கும் அபராதம், அஞ்சு வருசம் வரைக்கும் உள்ள. உங்கம்மா உன் ஜாதகத்துல செவ்வாய் எங்க நிக்கிதுன்னு பாக்குது. கேபிள் எங்க நிக்கிதுன்னு மொதல்ல பாக்கச் சொல்லு.

போன மாசம் நீ இந்தப் பக்கம் வேலை பாத்தப்ப, புளோக்குக்குப் பின்னால வேலி ஓரமா நின்னு நான் உன்னப் பாத்துருக்கேன். உனக்குத் தெரியாது. எடது கையில ஆர்மும் திருப்பமும், வலது கையில பூமும் வாளியும். வாளிய எறக்கி, பல்ல மண்ணுல குத்தி, வலது லிவர உள்ள சாச்சு மண்ணச் சுருட்டுன. ரெண்டு மூணு தடவ சரளமாப் போச்சு. அடுத்த வாளியில பாதியிலயே கைய விட்டுட்ட. யாரும் கத்தல, சிக்னல்மேன் கை தூக்கல. இஞ்சின் சத்தம் ஒரு சுருதி எறங்குச்சு, அவ்வளவுதான். நீ வாளிய மெல்ல மேல எடுத்து, எறங்கிப் போயி, குனிஞ்சு கையால மண்ணத் தள்ளிப் பாத்த. ஒரு பழைய பிவிசி குழாயி. செத்த குழாயிதான், ஆனா அப்ப உனக்கு அது தெரியாது.

எது உன்ன நிறுத்துச்சு? கேட்டா, "என்னமோ தோணுச்சு தாத்தா"ன்னு சொல்லுவ. தோணல்லடா. சீட்டுல தெரிஞ்சுச்சு. தொடையிலயும் இடுப்புலயும் ஏறுற அதிர்ச்சி, லிவர்ல வர்ற கனம், காதுல விழுற சத்தம், எல்லாம் சேந்து உன் மூளைக்குப் போறதுக்கு முன்னாடியே கைக்குப் போயிருச்சு. அந்த ஏசி ரூம்ல சீட்டு அசையாது. சில எடத்துல அசையுற சீட்டும் வச்சிருக்கானுங்க, ஸ்பீக்கர்ல சத்தமும் வரும். வரட்டும். ஆனா கேமரா உனக்கு ஆழத்தச் சரியாக் காட்டாது, எவ்வளவு பெரிய ஸ்கிரீனா இருந்தாலும் அது தட்டை. சைட்ல வாளி நின்னதுக்கு அப்பறம்தான் ஸ்கிரீன்ல வாளி நிக்கும். கண்ணு சிமிட்டுற நேரம்தான் வித்தியாசம். ஆனா கண்ணு சிமிட்டுற நேரத்துல ஒரு பல்லு எவ்வளவு தூரம் போகும்னு உனக்குத் தெரியும். 5ஜி வந்தா அதுவும் சரியாப்போயிரும்னு சொல்றானுங்க. கோப்பிக்கடையில என் பேத்தி மூஞ்சி வீடியோகால்ல வாயத் தொறந்தபடியே நின்னுபோயிருது, அப்ப நான் மேல ஆண்டவனத்தான் பாக்குறேன்.

அதுக்காக ரிமோட்டு வேணாம்னு சொல்றேன்னு நெனைக்காத. அது எதுக்கு வந்துச்சுன்னு பாக்கணும். ஜப்பான்ல நாகசாகிப் பக்கம் உன்சென்னு ஒரு எரிமலை. 1991 ஜூன் 3-ந் தேதி நெருப்புச் சாம்பல் எறங்கி 43 பேரு செத்துப்போனாங்க. மலை அதுக்கு அப்பறமும் அடங்கல. அடிவாரத்துல கல்லும் சேறும் எறங்காம தடுக்கணும், ஆனா அங்க ஆள அனுப்பினா அவன் திரும்பி வருவான்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அப்பத்தான் பொக்லைன், டம்பர் எல்லாத்தையும் ஆள் இல்லாம தூர இருந்து ஓட்டப் பழகினானுங்க. வேலை மெதுவாத்தான் நடந்துருக்கும். யாரும் கணக்குப் பாக்கல. அங்க மிச்சம் பண்ணினது உசுர.

ஆஸ்திரேலியாவுல பில்பாரான்னு ஒரு பொட்டக்காடு, இரும்புச் சுரங்கம். ஆளு நடமாட்டம் கொறஞ்ச செம்மண் பூமி. ரியோ டின்டோ கம்பெனிக்காரன் 1,500 கிலோமீட்டர் தள்ளி பெர்த்துல ஒரு அறை கட்டி அங்கேர்ந்தே லாரிகளையும் ரயிலையும் கவனிக்கிறான். அங்க மிச்சம் பண்ணினது தூரத்த.

விழிஞ்ஞம் கேள்விப்பட்டிருப்ப. கன்னியாகுமரிக்கு மேக்க, கேரளாக்காரன் துறைமுகம். 2025 மே 2-ந் தேதி மோடி தெறந்து வச்சாரு. அங்க யார்டு கிரேன கண்ட்ரோல் ரூம்ல உக்காந்து ஓட்டுறவங்கள்ல பொம்பளப் புள்ளைங்க இருக்கு. அந்தக் கடற்கரை மீனவக் குடும்பத்துப் புள்ளைங்களும் அதுல இருக்காம். எங்க காலத்துல துறைமுகத்துல பொம்பளைய ஆபீஸ்ல டைப்படிக்கிற மேசையிலதான் பாக்கலாம். கூண்டுக்கு ஏற விட மாட்டான், ஏணி இருக்கு, காத்து அடிக்கும், அது இதுன்னு சாக்கு. இந்த ஒரு விசயத்துக்கு ரிமோட்டுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுறேன். உனக்கு அங்கயே ஒரு பொண்ணு பாக்கச் சொல்லட்டுமா? ரெண்டு பேருக்கும் ஒரே தொழிலு. சண்டை வந்தா ஆளுக்கொரு ரூம்ல உக்காந்து தூர இருந்தே போட்டுக்கலாம்.

சரி, வெளையாட்டு போதும். உங்க கம்பெனிக்காரன் எத மிச்சம் பண்ணப் பாக்குறான்? ஆங் மோ கியோவுல எரிமலை இல்ல. டார்மிட்டரிக்கும் சைட்டுக்கும் ஆயிரத்தஞ்சூறு கிலோமீட்டரும் இல்ல. அப்ப மிச்சம் பண்ண என்னதான் பாக்கி?

நீயே சொல்லு. சொல்ல மாட்ட. நான் சொல்றேன்.

உனக்காக அவன் மாசா மாசம் கவர்மெண்டுக்கு லெவி கட்டுறான். 2024 சனவரியிலேர்ந்து கட்டுமானத்துல ஸ்கில் கூடுன ஆளுக்கு மாசம் 500 வெள்ளி, அடிப்படை ஸ்கில் ஆளுக்கு 900 வெள்ளி. நீ ஸ்கில் கூடுன ஆளாயிட்டா 400 வெள்ளி மிச்சம்னுதானே உன்ன ஸ்கில் டெஸ்டுக்கு அனுப்பிச்சான். அதுக்கு மேல டார்மிட்டரி வாடகை, இன்சூரன்ஸு, லாரி. இந்த எல்லாச் செலவும் எதுக்கு? உன் வேலைக்கு இல்ல. உன் ஒடம்பு இந்தத் தீவுல இருக்குறதுக்கு. இப்ப யாரோ அவன்கிட்ட, "ஒடம்பு வேணாம் முதலாளி, கை மட்டும் போதும், கம்பியில வந்துரும்"னு சொல்லிட்டான். அந்தக் கைய ஏன் இங்க வச்சுச் சோறு போடணும்னு முதலாளிக்கு ராத்திரி தூக்கத்துல தோணாமலா போகும்? நாற்காலிய ஒரத்தநாட்டு கடைவீதியில போட்டா என்ன?

உங்க அம்மாச்சிக்கு இதச் சொன்னா கும்மி அடிக்கும். "பய வீட்டுலயே பழைய சோறு சாப்ட்டுட்டு, வேட்டியோட உக்காந்து சிங்கப்பூர்ல மண்ணள்றான்"னு ஊரெல்லாம் சொல்லும். நல்லாத்தான் இருக்கும். சம்பளம் மட்டும் ஒரத்தநாட்டுல பொக்லைன் ஓட்டுறவன் சம்பளம். நீ வெள்ளியில தோண்டி ரூபாயில வாங்குவ. அதுவும் ஒருத்தனுக்கு ஒரு மெஷின்னா. பாசிர் பாஞ்சாங் கணக்கு அங்கயும் வந்தா, ஒரத்தநாட்டுல உன் ஒருத்தனுக்குத்தான் வேலை. மீதிப் பசங்க உன்ன சுத்தி நின்னு வேடிக்கை பாப்பானுங்க.

இது நாளைக்கே நடக்கும்னு சொல்லல. சட்டம் கொஞ்சம் குறுக்க நிக்கிது. கிரேன் ஓட்டுறவன்னா இங்க மனிதவள அமைச்சுல பேரு பதிஞ்சிருக்கணும். 2011-லேர்ந்து ஒரு விதி, லிஃப்டிங்னா சூப்பர்வைசர், ரிக்கர், சிக்னல்மேன் எல்லாம் சேந்துதான் வேலை நடக்கணும். கடல் தாண்டி உக்காந்திருக்கவன் கீழ நிக்கிறவன் கால்ல வாளிய வச்சுட்டா எந்தக் கோர்ட்டுல நிறுத்துறதுன்னு இன்னும் எவனும் தீர்த்து வைக்கல. அது உனக்கு நல்லது. கீழ நிக்கிறவனுக்கும் நல்லது. அவன் யாரு? மன்னார்குடிப் பய ஒருத்தன், வங்காளதேசத்துப் பய ஒருத்தன். இப்ப அவன் "டேய், நிறுத்து"ன்னு கத்தினா உன் காதுல நேரா விழுது. தமிழ்ல கத்துறானா, வங்காளத்துல கத்துறானான்னு பாக்காம நீ லிவர விட்டுர்ற. மைக்கு வழியா அது வரணும்னா மைக்குல மண்ணு அடைக்காம இருக்கணும்.

மண்ணுன்னதும் ஞாபகம் வந்துச்சு. அந்தக் கேமரா இருக்கே, ரிமோட்டு மெஷின்ல நாலாப்பக்கமும் மாட்டியிருப்பானுங்க. இந்த ஊரு மழைக்குச் சேறு தெறிக்காம இருக்குமா? லென்ஸு மூடிருச்சுன்னா மெஷினு குருடு. சிக்னலு அறுந்துச்சுன்னா பாதுகாப்புக்காக அதுவா நின்னுக்கும், அப்படித்தான் செஞ்சிருக்கானுங்க. ஹைட்ராலிக் ஹோஸு வெடிச்சுச்சுன்னா எண்ணெய் ஒழுகுறத நீ நாலு ஸ்கிரீன்லயும் நாலு கோணத்துல பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம். அப்ப ஏசி ரூம்ல இருக்கவன் யாருக்குப் போன் போடுவான்? சைட்ல துணியும் வாளியும் வச்சுக்கிட்டு ஒரு ஆளு நிப்பான். லென்ஸத் தொடைப்பான், ஹோஸ மாத்துவான், மறுபடியும் ஸ்டார்ட் பண்ணி விடுவான். அவனுக்குப் பர்மிட்டும் உண்டு, லெவியும் உண்டு. அவன எந்தக் கம்பியிலயும் ஒரத்தநாட்டுக்கு அனுப்ப முடியாது. நாளைக்கு சம்பளம் கூடப் போறது அவனுக்கா, உனக்கான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

மூஞ்சியத் தூக்காத. நான் போவாதன்னு சொல்லல. போ. பயிற்சிக்குக் கூப்பிட்டா மொத ஆளா நில்லு. கம்பெனி காசுல கத்துக்குறத விட்டுட்டு உன் காசுல எப்ப கத்துக்கப் போற? ஆனா ஏசில ஒரு மாசம் உக்காந்துட்டு "இனிமே சீட்டு வேணாம், தூசி அலர்ஜி"ன்னு சொல்லிப்புடாத. வாரத்துல ரெண்டு நாளாவது மெஷின்ல ஏறிருவேன்னு கேட்டு வாங்கு. ஹோஸ் மாத்துறது, சென்சார் பாக்குறது, இஞ்சின் கோடு படிக்கிறது, மெக்கானிக் பக்கத்துல நின்னு அதையும் கத்துக்க. ஆங் மோ கியோ நூலகத்துல தமிழ்ப் புத்தகம் அலமாரி அலமாரியா இருக்கு, நீ ஏசிக்காக உள்ள போறேன்னு எனக்குத் தெரியும். போனதுதான் போற, இங்கிலீசுல ரெண்டு பக்கம் ரிப்போர்ட் எழுதப் பழகிக்க. ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா கேமராக்காரன் வீடியோ எடுத்து நீட்டுவான். எந்த நிமிசத்துல சிக்னல் தடுக்குச்சு, எந்த நிமிசத்துல நீ கைய விட்டன்னு எழுதி வைக்காட்டி வீடியோ சொல்றதுதான் சாட்சி. வீடியோ கம்பெனி பொட்டியில இருக்கும்.

இன்னொண்ணு. நீ ரூம்ல உக்காந்து ஓட்டுறதயெல்லாம் மெஷினு எழுதி வச்சுக்கிட்டே இருக்கும். எந்த லிவர எப்ப, எவ்வளவு தள்ளுன, எங்க நிறுத்துனன்னு எல்லாம். ஒரு நாளைக்கு அத வச்சு மெஷினுக்குத் தானா தோண்டக் கத்துக்குடுப்பானுங்க. அந்த செத்த குழாயிக்கு முன்னால கைய விட்டியே, அந்த வித்தையயும் சேத்து. வாத்தியாருக்குச் சம்பளம் தனியாக் கேட்டியான்னு கேட்டா முழிக்கிற. குடுக்க மாட்டானுங்கடா, வாத்தியாருன்னு உன்னக் கூப்பிடக்கூட மாட்டானுங்க.

இந்தா, தே தாரிக் ஆறுது, குடி. மேசையில காச வச்சுட்டியா? சரி. அந்தக் கம்பெனிக்காரன் குடுத்த காயிதத்த இப்ப வச்சிருக்கியா? இல்லியா? கையெழுத்துப் போட்டுட்டியா, போடலியா, அத மட்டும் சொல்லு. போடலேன்னா அடுத்த ஞாயித்துக்கெழம எடுத்தாந்துரு. ஒருத்தனுக்கு எத்தன மெஷினு, நாற்காலி எந்த ஊர்ல, மெஷின்ல ஏறுற நாளு எத்தன, இதெல்லாம் எந்த வரியில எழுதியிருக்குன்னு ரெண்டு பேரும் கண்ணாடியப் போட்டுக்கிட்டுத் தேடுவோம். எழுதலேன்னா பேனாவும் எடுத்தா.